காஸாவின் மாணவரும் நம் கைப்பொருளும்

ஹிஜ்ரி 150ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 767இல், காஸா நகரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டார். கையில் பொருளில்லாத அந்த இளம் விதவை, தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மக்கா நகருக்குப் புறப்பட்டார். பிள்ளை அங்கே ஓதத் தொடங்கியபோது ஆசிரியருக்குக் கொடுக்கத் தாயிடம் ஒன்றுமில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையே கூலியாக ஏற்றுக்கொண்டு அவர் கற்றுக்கொடுத்தார். எழுதத் தாள் வாங்க வசதியில்லாமல் எலும்புத் துண்டுகளில் எழுதிச் சேர்த்தது அந்தப் பிள்ளை. பிறகு யமன் நாட்டுக்குப் போக வேண்டியிருந்தபோது, வழிச்செலவுக்காகத் தாய் தன் வீட்டையே அடகு வைத்தார் என்று வரலாற்றில் வருகிறது.

அந்தப் பிள்ளைதான் இமாம் முஹம்மது பின் இத்ரீஸ் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் லட்சக்கணக்கான குடும்பங்கள் தொழுவதும் நோற்பதும் அவர்களுடைய மத்ஹபின்படிதான். நம் வீட்டுப் பிள்ளைக்கு உளூச் செய்யும் முறையைச் சொல்லிக் கொடுக்கும்போது, காஸாவில் பிறந்த ஓர் அநாதைப் பிள்ளை கற்ற கல்வியைத்தான் நாம் கைமாற்றிக் கொடுக்கிறோம். இதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

இந்த எண்ணத்தை நமக்குள் கிளப்பியது ஒரு சகோதரியின் கடிதம். அவருடைய வீட்டில், நகைச் சீட்டு முடிந்து கிடைத்த தொகையில் ஒரு பங்கும், பிள்ளைகள் உண்டியலில் சேர்த்ததுமாகச் சிறிது பணம் இருக்கிறது. அதைப் பாலஸ்தீன மக்களுக்கு அனுப்புவதென்று குடும்பத்தில் எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். ஆனால் எதற்கு அனுப்புவது என்பதில் மூவரும் மூன்று பக்கமாகப் பிரிந்துவிட்டார்களாம். பசித்தவருக்கு உணவு கொடுப்பதைவிட மேலான தர்மம் வேறில்லை என்கிறார் வீட்டுத் தலைவர். கல்லூரியில் படிக்கும் மகனோ, "வாப்பா, சாப்பாட்டுக்குக் கொடுக்க உலகமே இருக்கிறது; படிப்பு நின்றுபோன ஒரு மாணவருக்கு வெளிநாட்டில் படிக்க உதவினால் அது காலமெல்லாம் நிற்குமே" என்கிறான். வீட்டிலிருக்கும் முதிய பெரியம்மாவோ, "நம் தெருவிலேயே படிக்க வழியில்லாத பிள்ளை இருக்கும்போது கடல் தாண்டி ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறார். இவற்றில் எது சரி என்று அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார்.

இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமன்று. பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் இருக்கும் கேள்வி. ஆகவே விரிவாகவே பார்ப்போம்.

நடந்தது என்ன?

முதலில் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் கொடுப்பது இரக்கமாகலாம்; நீதியாகாது.

பாலஸ்தீன மக்கள் கல்விக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பவர்கள் என்பது உலகம் அறிந்தது. 1948இல் ஏழு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடு வாசல் இழந்து அகதிகளானார்கள். நிலம் போயிற்று, தோட்டம் போயிற்று, கடை போயிற்று. எவராலும் பறிக்க முடியாத சொத்து ஒன்றுதான் மிஞ்சியது. அது பிள்ளையின் தலைக்குள் இருக்கும் படிப்பு. 1950 முதல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனம் கூடாரங்களில் பள்ளிக்கூடம் நடத்தியது. எழுத்தறிவில் இன்று அம்மக்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கும் மேல். பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள்.

ஆனால் நீண்ட காலம் அவர்கள் மண்ணில் பல்கலைக்கழகம் இல்லை. மேற்படிப்புக்குக் கெய்ரோ, பெய்ரூட், டமாஸ்கஸ், பாக்தாத் என்று போக வேண்டியிருந்தது. நம் நாட்டின் அலிகர், ஹைதராபாத் முதலிய ஊர்களுக்கும் வந்து படித்தார்கள். பின்னர் தாங்களே கட்டியெழுப்பினார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்த நபீஹா நாசிர் என்னும் பெண்மணி பீர்ஸெய்த் ஊரில் 1924இல் தொடங்கிய சிறிய பள்ளிக்கூடம் 1975இல் பல்கலைக்கழகமாயிற்று. 1978இல் காஸாவில் இஸ்லாமியப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1991இல் அங்கே அல்அஸ்ஹர் பல்கலைக்கழகமும் வந்தது. 1988 முதல் 1992 வரை பீர்ஸெய்த் பல்கலைக்கழகம் இராணுவ உத்தரவால் பூட்டப்பட்டிருந்தது. அப்போதும் ஆசிரியர்கள் வீடுகளில் வைத்துப் பாடம் நடத்தினார்கள் என்றால், அம்மக்களின் உறுதியைப் பற்றி வேறென்ன சொல்ல வேண்டும்?

2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் நடந்தது இதற்கெல்லாம் மேலானது. போரின் முதல் வாரத்திலேயே இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் குண்டு வீச்சில் தகர்ந்தன. 2024 ஜனவரி 17ஆம் நாள் அல்இஸ்ரா பல்கலைக்கழகம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2024 ஏப்ரலில் ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த ஆறு மாத காலத்தில் 5,479 மாணவர்களும், 261 பள்ளி ஆசிரியர்களும், 95 பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் கொல்லப்பட்டதாக அதில் குறிப்பிட்டிருந்தார்கள். காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் தலைவரான இயற்பியல் அறிஞர் சுஃப்யான் தாயிஹ் 2023 டிசம்பரில் குடும்பத்தாருடன் கொல்லப்பட்டார். 2024இல் சுமார் 39,000 மாணவர்கள் பள்ளி இறுதித் தேர்வு எழுத முடியாமல் போனது.

இந்தக் கணக்கைப் படித்துவிட்டு நாம் கண்ணீர் விட்டோம். கண்ணீர் நல்லதுதான். ஆனால் கண்ணீருக்குப் பின் என்ன என்பதே கேள்வி.

ரொட்டி முந்தியா, ஏடு முந்தியா?

வீட்டுத் தலைவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னதில் பிழையில்லை. உயிரைக் காப்பது எல்லாக் கடமைகளுக்கும் முந்தியது. உயிர் போகும் நிலையில் ஹராமான உணவைக்கூட அனுமதித்த மார்க்கம் நம்முடையது. 2025 ஆகஸ்டில் காஸா நகரை உள்ளடக்கிய பகுதியில் பஞ்சம் நிலவுவதாக முறைப்படி அறிவிக்கப்பட்டது. அந்த நேரத்தில் மாவு மூட்டைக்குக் கொடுக்காமல் புத்தகத்துக்குக் கொடுப்பேன் என்று யாரேனும் சொன்னால், அவரை நாம் பாராட்ட முடியாது.

ஆனால் ரொட்டி முந்தியது என்பதற்காக ஏடு தேவையில்லை என்று ஆகிவிடுமா?

மதீனாவின் பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த தோழர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு வீடில்லை, வியாபாரமில்லை. பசியால் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு கிடந்த நாட்கள் உண்டு. ஒரு கிண்ணம் பால் வந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திண்ணைத் தோழர்கள் எல்லாரையும் அழைத்துவரச் செய்து, அனைவரும் அருந்திய பின்னரே தாம் அருந்தினார்கள். அதே திண்ணைதான் அவர்களுடைய கல்விக்கூடமும். முதலில் வயிறு நிறையட்டும், கல்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே யாரும் ஒத்திப்போடவில்லை. பசியும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இரண்டுக்கும் ஒரே கை உதவியது. அந்தப் பசித்த மாணவர் மனனம் செய்து வைத்த நபிமொழிகள் இல்லையென்றால், இன்று நம் நிலை என்ன?

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு விடுதலைப் பணத்திற்குப் பதிலாக, மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது விதிக்கப்பட்டது என்ற செய்தியும் நமக்குத் தெரியும். மதீனா அப்போது செல்வத்தில் மிதந்த ஊரன்று. கைதிகளிடம் பணம் வாங்கியிருந்தால் எத்தனையோ வீட்டில் அடுப்பெரிந்திருக்கும். ஆயினும் ஒரு பகுதி எழுத்துக்கென்று ஒதுக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்வது இதுதான். உயிர் ஆபத்திலிருக்கும்போது உணவும் மருந்தும் முந்தும். ஆனால் ஒரு சமுதாயம் ஆண்டுக்கணக்கில் துன்பத்திலிருக்கும்போது, உணவை மட்டுமே கொடுத்துக்கொண்டிருப்பது அவர்களை என்றைக்கும் உணவுக்கு ஏந்தும் நிலையிலேயே வைப்பதாகும். இடிந்த மருத்துவமனையில் நாளை வைத்தியம் பார்ப்பது யார்? உடைந்த குடிநீர்க் குழாய்களைத் திட்டமிட்டுப் போடும் பொறியாளர் யார்? தாய் தந்தையரை இழந்த பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் யார்? மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஓர் ஊரில் வைத்தியர் ஒருவருமே இல்லையென்றால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும் என்பதே இதன் கருத்து. அந்த ஊரால் இயலாதபோது அந்தக் கடமை பக்கத்திலிருப்பவர் மேல் விழுகிறது; அவராலும் இயலாவிட்டால் இன்னும் தொலைவிலிருப்பவர் மேல்.

அருகிலிருப்பவரும் தொலைவிலிருப்பவரும்

பெரியம்மாவின் கேள்வி எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் முதல் உரிமை உண்டு. ஜகாத்தைக்கூட அந்தந்த ஊரின் ஏழைகளுக்கே கொடுப்பதுதான் முறை என்றும், தக்க காரணமின்றி வெளியூருக்கு அனுப்பலாகாது என்றும் நம் சட்ட நூல்கள் பேசுகின்றன. தன் தெருவிலிருக்கும் பிள்ளை கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியிலிருந்து நின்றுகொண்டிருக்க, தொலைதூர மாணவருக்குக் கொடுத்துப் பத்திரிகையில் படம் போட்டுக்கொள்கிறவர் தம் நிய்யத்தைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெருப் பிள்ளையைச் சுட்டிக்காட்டித் தூரத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதவர்களில் எத்தனை பேர் அந்தத் தெருப் பிள்ளைக்காவது கொடுக்கிறார்கள்? "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்ற பழமொழியை நாம் வசதியாகப் பயன்படுத்துகிறோம். நமக்கு மிஞ்சுவது என்றைக்குமே மிஞ்சுவதில்லை. கல்யாண விருந்தில் ஒரு சஹனில் மிச்சமாகிக் குப்பைக்குப் போவதை வைத்தே தெருப் பிள்ளைக்கும் தூரத்துப் பிள்ளைக்கும் ஒருசேரக் கொடுக்கலாம். ஆகவே கேள்வி தெருவா காஸாவா என்பதன்று. இரண்டுக்கும் கொடுக்க வேண்டிய பணம் எங்கே போகிறது என்பதே கேள்வி.

மேலும், தேவையின் கடுமையும் உரிமையைக் கூட்டுகிறது. நம் தெருப் பிள்ளைக்கு அரசுப் பள்ளி உண்டு, கல்லூரி உண்டு, உதவிச் சம்பளம் உண்டு, வக்ஃபு உண்டு, நம் முன்னோர் கட்டிய விடுதிகள் உண்டு. அங்கேயோ பள்ளியே இல்லை. கதவு தட்ட வீடே இல்லாதவரும், கதவு மூடியிருப்பதாக முறையிடுபவரும் ஒரே நிலையில் உள்ளவர்களா?

நம் ஊர்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மதரஸாவில் ஓதவரும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சாப்பாடு கொடுப்பார்கள். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்துக்கு மலையாளக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் மாணவர் வந்து ஓதினார்கள். அந்தப் பிள்ளை எந்த ஊர், நமக்கென்ன உறவு என்று எந்தத் தாயும் கேட்டுவிட்டுச் சோறு போடவில்லை. ஓதுகிற பிள்ளை என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அந்த வழக்கத்தின் கை கொஞ்சம் நீளமானால் கடல் தாண்டும்.

போனவர் திரும்புவாரா?

மகன் சொன்னதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதைத்தான் நாம் மிகவும் ஆழமாக எண்ண வேண்டும்.

வெளிநாட்டில் படிக்க உதவுவது நல்லதுதான். ஆனால் பாலஸ்தீன மக்களின் வரலாறே, போனவர்கள் திரும்ப முடியாமல் போன வரலாறு. 1948இல் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அகதி முகாம்களில் இருக்கிறார்கள். அப்படியிருக்க, காஸாவின் கெட்டிக்காரப் பிள்ளைகளையும் அறிஞர்களையும் வெளிநாட்டுக்கு அழைத்துக்கொள்வது, அந்த மண்ணை வெறுமையாக்க விரும்புகிறவர்களுக்கு நாமே துணை போவதாகாதா? இந்தக் கேள்வியை எழுப்புகிறவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். 2024 மே 29ஆம் நாள் காஸாவின் பேராசிரியர்களும் பல்கலைக்கழக நிர்வாகிகளும் உலகத்தாருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கட்டடங்கள் இடிந்தாலும் தங்கள் பல்கலைக்கழகங்கள் வாழ்கின்றன, அவற்றை மீண்டும் நிலைநிறுத்த உதவுங்கள் என்பதே அதன் சாரம். அம்மண்ணின் கல்வியை அவர்களே நடத்த வேண்டும் என்ற இந்த மானமுள்ள வேண்டுகோளை நாம் மதிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அப்படியானால் வெளியே போகிறவருக்கு உதவக் கூடாதா? இதற்கு நம் மார்க்க வரலாற்றிலேயே தெளிவு இருக்கிறது.

மக்காவில் துன்பம் எல்லை மீறியபோது ஒரு கூட்டத்தார் ஹபஷா நாட்டுக்குச் செல்ல நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். கிறிஸ்தவ மன்னரான நஜ்ஜாஷி அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். அவர்களைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லிக் குறைஷிகள் அன்பளிப்புகளோடு ஆள் அனுப்பியபோதும் அவர் இணங்கவில்லை. மக்காவைக் காலி செய்கிறார்கள் என்று அப்போது யாரும் அவர்களைக் குறை கூறவில்லை. ஜஅஃபர் (ரலி) அவர்களும் தோழர்களும் ஆண்டுகள் பல கழித்து, கைபர் வெற்றியின்போது நபியவர்களிடம் திரும்பி வந்தார்கள். அவர்களைக் கண்டு நபியவர்கள் அடைந்த மகிழ்ச்சி வரலாற்றில் பதிவாகியுள்ளது. புறப்பட்டதும் குற்றமன்று, திரும்பியது பெரும் பேறு.

திருமறையின் ஒன்பதாம் அத்தியாயத்திலும் ஒரு வழிகாட்டுதல் உண்டு. எல்லாரும் ஒருசேரப் புறப்பட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு பகுதியினர் சென்று அறிவு பெற்று, தம் மக்களிடம் திரும்பி அவர்களை எச்சரிக்கட்டும் என்பது அதன் கருத்து. சிலர் இருப்பது, சிலர் போவது, போனவர் கற்றதைத் தம் மக்களுக்குக் கொடுப்பது ஆகிய மூன்றும் ஒன்றாக அங்கே சொல்லப்பட்டுள்ளன. கல்விப் பயணத்திற்கு இதைவிட நேரான இலக்கணம் இல்லை.

அப்படிப் போய்த் திரும்பியவர்களும் உண்டு. காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ரிஃப்அத் அல்அரீர் லண்டனில் முதுகலை படித்தார். மலேசியாவின் புத்ரா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வெளிநாட்டில் தங்கிவிடாமல் காஸாவுக்கே திரும்பி, இளைஞர்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்தார். 2023 டிசம்பர் 6ஆம் நாள் வான் தாக்குதலில் கொல்லப்பட்டார். யாரோ எங்கோ கொடுத்த கல்வி உதவி அவரிடத்தில் வீண்போகவில்லை. அவர் கற்றுக்கொடுத்த மாணவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் திரும்பாதவரை என்ன சொல்வது? திரும்ப விரும்பியும் எல்லையில் தடுக்கப்படுகிறவரை என்ன சொல்வது? இங்கே நாம் நியாயமாக இருக்க வேண்டும். எந்தப் பாதையைப் பிறர் அடைத்திருக்கிறார்களோ, அந்தப் பாதையில் நடக்கவில்லை என்று மாணவரைக் குற்றம் சொல்வது அநீதி. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் காஸாவில் தங்கவில்லை. மக்கா, மதீனா, யமன், பாக்தாத் என்று நடந்து எகிப்தில் ஹிஜ்ரி 204இல் மறைந்தார்கள். அதனால் காஸாவுக்கு நஷ்டமா? இன்று நம் ஊர் மதரஸாவில் அவர்களுடைய வரலாற்றை ஓதும் சிறுவன் காஸா என்ற பெயரைக் கற்றுக்கொள்கிறான். அறிவு பிறந்த மண்ணின் பெயரை அது போகுமிடமெல்லாம் சுமந்து போகிறது.

ஆகவே நம் முடிவு இது. மண்ணில் இருந்து படிப்பவருக்கும் உதவ வேண்டும். வெளியே போய்ப் படிப்பவருக்கும் உதவ வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கலாகாது. போகிறவருக்குக் கொடுக்கும்போது திரும்ப வேண்டும் என்று சத்தியம் வாங்கவும் கூடாது. திரும்பும் வழியை அடைக்கவும் கூடாது. படித்துக்கொண்டிருக்கும்போதே காஸாவின் மாணவருக்குத் தொலைவிலிருந்து பாடம் சொல்லலாம், தங்கள் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வு செய்யலாம். 2024ஆம் ஆண்டிலேயே காஸாவின் பல்கலைக்கழகங்கள் கூடாரத்திலும் இடிபாட்டிலும் இருந்த மாணவர்களுக்கு இணையவழியில் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டன. அப்படி நடத்துகிறவருக்கு மின்சாரமும் இணைய இணைப்பும் சம்பளமும் கிடைக்கச் செய்வதும் கல்வி உதவிதான்.

கதவைத் திறந்தவர்களும் மூடியவர்களும்

அறிஞர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது புதிய வழக்கமன்று. 1933இல் ஜெர்மனியில் யூத அறிஞர்கள் வேலையிலிருந்து துரத்தப்பட்டபோது, துருக்கி நாடு இஸ்தான்பூல் பல்கலைக்கழகத்தில் அவர்களில் பலருக்குப் பேராசிரியர் பதவி கொடுத்தது. அதே ஆண்டு பிரிட்டனில் அத்தகைய அறிஞர்களுக்கென ஓர் உதவிக் கழகம் தொடங்கப்பட்டது. அது உதவியவர்களில் பதினாறு பேர் பின்னர் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கழகம் வேறு பெயரில் இன்றும் பல நாட்டு அறிஞர்களுக்கு உதவுகிறது. துரத்தப்பட்டவர் யார், எந்த மதத்தவர் என்று பார்த்து அறிவுக்கு அடைக்கலம் கொடுப்பதில்லை. இதை முஸ்லிம் நாடு ஒன்று யூத அறிஞர்களிடத்தில் செய்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதே அளவுகோலால்தான் இன்று பாலஸ்தீன அறிஞருக்காகவும் நாம் உலகத்திடம் கேட்கிறோம். சலுகை கேட்கவில்லை.

2025ஆம் ஆண்டில் சில நாடுகள் கதவைத் திறந்தன, சில மூடின. இத்தாலியப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து பாலஸ்தீன மாணவருக்கென உதவிச் சம்பளங்களை அறிவித்தன. பிரிட்டனில் முழு உதவிச் சம்பளம் கிடைத்திருந்தும், விசாவுக்கு விரல் ரேகை பதிக்கும் அலுவலகம் காஸாவில் மூடிக்கிடந்ததால் பலர் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அந்த நாட்டு ஆசிரியர்களும் பொதுமக்களும் விடாமல் கேட்டதன் பின்னரே, செப்டம்பரில் முதல் தொகுதியினர் வந்து சேர்ந்தார்கள். பிரான்சிலோ, ஒரு மாணவி எழுதிய வெறுப்புக் கருத்துகளுக்காகக் காஸாவிலிருந்து வரவேண்டிய அனைவரின் வருகையும் அவ்வாண்டு ஆகஸ்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒருவரின் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை நீதி. தவறு செய்தவரைத் தண்டிக்கலாம். அவர் பிறந்த ஊரிலிருந்து வரும் எல்லாரையும் தண்டிப்பது எந்த நீதி?

இந்தியாவும் தன் பங்கைச் செய்தது. பாலஸ்தீன மாணவர்களுக்கு நம் அரசு உதவிச் சம்பளம் கொடுத்து வந்துள்ளது. காஸாவின் அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் ஜவாஹர்லால் நேரு பெயரிலும், டெய்ர் அல்பலாஹ் தொழில்நுட்பக் கல்லூரியில் மகாத்மா காந்தி பெயரிலும் நூலகங்கள் கட்டிக் கொடுத்தது. நம் நாட்டுக் கல்லூரிகளை நடத்தும் அறக்கட்டளைகள், அரசின் அனுமதியோடு ஒன்றிரண்டு இடங்களைப் பாலஸ்தீன மாணவருக்கு ஒதுக்க முன்வரலாகாதா? சிந்திக்க வேண்டும்.

எந்தப் பணத்திலிருந்து?

பலர் கேட்பது: ஜகாத்தை மாணவருக்குக் கொடுக்கலாமா?

ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினரைத் திருமறையே வரையறுத்துள்ளது. மாணவர் என்பது அதில் தனி வகையன்று. ஆனால் அம்மாணவர் ஏழையாக இருந்தால் ஏழை என்ற வகையில் வருகிறார். சம்பாதிக்க வலிமையிருந்தும், மார்க்கக் கல்வியில் ஈடுபட்டிருப்பதால் சம்பாதிக்க இயலாதவருக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். சமுதாயத்திற்கு இன்றியமையாத ஏனைய கல்விக்கும் இது பொருந்தும் என்பது இக்கால அறிஞர் பலரின் கருத்து. வீட்டில் சொத்திருந்தும் அதை எட்ட முடியாமல் அந்நிய ஊரில் தவிப்பவர் வழிப்போக்கர் என்ற வகையில் வருகிறார். பயணம் புறப்படப் போகிறவரும் அதில் அடங்குவார் என்பது ஷாஃபிஈ மத்ஹபு; பயணத்தில் சிக்கிக்கொண்டவரே அடங்குவார் என்பது ஹனஃபீ மத்ஹபு. ஜகாத்துப் பொருள் பெறுகிறவரின் கைக்கு உடைமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே கட்டடம், நூலகம் போன்றவற்றுக்கு ஸதகா, வக்ஃபு ஆகியவற்றிலிருந்து கொடுப்பதே பேணுதலானது. பாலஸ்தீனக் கிறிஸ்தவ மாணவருக்கு ஸதகாவிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். தத்தம் நிலைக்கேற்ப உள்ளூர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.

கொடுக்கும் முறை

கல்வி உதவி என்றதும் கல்லூரிக் கட்டணம் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. கட்டணம் தள்ளுபடியான பிறகும் மாணவர் நின்றுபோகும் இடங்கள் பல. மொழித் தேர்வுக்குப் பணம் வேண்டும். தகர்ந்த பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் சான்று பெற வேண்டும். விசாவுக்கும் விமானத்துக்கும் செலவு. போய்ச் சேர்ந்ததும் அறை வாடகை, குளிருக்கு உடை. எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்பம். தம்பி தங்கைகள் கூடாரத்தில் இருக்கும்போது, மாதாமாதம் வரும் உதவிச் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அரை வயிறோடு படிப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

இரு சகோதரர்களின் செய்தி ஒன்று நபிமொழியில் வருகிறது. ஒருவர் நபியவர்களிடம் கல்வி பெற வந்துகொண்டிருந்தார். உழைத்துச் சம்பாதித்த மற்றவர் தம் சகோதரரைப் பற்றி முறையிட்டார். அவர் பொருட்டே உமக்கும் உணவளிக்கப்படலாமே என்ற கருத்தில் நபியவர்கள் விடையளித்தார்கள். கொடுப்பவரின் கை மேலே இருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் நம் வீட்டுப் பரகத்து யாருடைய படிப்பில் இருக்கிறதோ, யார் அறிவார்?

ஆகவே சில பேணுதல்கள் வேண்டும். உணர்ச்சி வேகத்தில் யார் கேட்டாலும் கொடுத்துவிடாமல், பல்கலைக்கழகங்களோடு நேரே தொடர்புடைய, கணக்குக் காட்டுகிற நிறுவனம்தானா என்று விசாரிக்க வேண்டும். பாலஸ்தீனத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. நம் நாட்டுச் சட்டம் அனுமதித்த வங்கி வழியிலேயே அனுப்ப வேண்டும். முறையற்ற வழியில் அனுப்பினால் கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் துன்பம். ஒரு தடவை பெருந்தொகை கொடுப்பதைவிடப் படிப்பு முடியும்வரை சிறு தொகை தவறாமல் கொடுப்பது மேல். நடுவில் நின்றுபோகும் உதவி, நடுக்கடலில் இறக்கிவிடும் தோணியைப் போன்றது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டித் தர்மத்தைப் பாழாக்கிக்கொள்ளக் கூடாது. அந்த மாணவரின் படத்தையும் பெயரையும் ஊரறியப் போட்டு அவருடைய மானத்தை விலையாகக் கேட்கக் கூடாது. இத்தனை துன்பத்திலும் படிக்க விரும்புகிற அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

சகோதரிக்கு நம் பதில்

கடிதம் எழுதிய சகோதரிக்கு இப்படிச் சொல்வோம். உங்கள் வீட்டில் மூவரும் சொன்னது மூன்று கடமைகள். ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. கையிலிருக்கும் தொகையை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு உணவுக்கும் மருந்துக்கும் போகட்டும். ஒரு பங்கு படிப்பு நின்றுபோன மாணவருக்குப் போகட்டும். ஒரு பங்கைப் பெரியம்மாவின் கையில் கொடுத்து, அவர் சொன்ன தெருப் பிள்ளையை அவரையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தொகை சிறிதாயிற்றே என்று வருந்த வேண்டாம். அடுத்த மாதமும் உண்டியல் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளிடம், இது ஏழைக்குப் போடும் பிச்சையன்று, நம் இமாமின் ஊருக்கு நாம் திருப்பிச் செலுத்தும் கடன் என்று சொல்லிக்கொடுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில், இரண்டாண்டுகளுக்குப் பின் மாணவர்கள் நேரில் வந்து பாடம் கேட்கத் தொடங்கினார்கள். சுற்றிலும் இடிபாடு; அதே கட்டடங்களில் வீடிழந்த குடும்பங்களும் தங்கியிருந்தன. ஒரு பக்கம் அடுப்பு எரிய, மறு பக்கம் பாடம் நடந்தது. மதீனாவின் திண்ணை நம் காலத்திலும் இருக்கிறது. அதில் பால் கிண்ணத்தை யார் கொண்டுபோய் வைப்பது என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

கற்க விரும்புகிறவர்களின் பாதையை எளிதாக்கி, போனவர்கள் தங்கள் மண்ணுக்குக் கண்ணியத்தோடு திரும்பும் நாளையும், அவர்களுக்கு உதவும் மனத்தை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.